பதிவேட்டில் ஆறு பேர்

மார்ச் 3

தம்பிக்கு,

போன் பண்ணாதே. போன வாரம் பேசியபோது எட்டு முறை "சரிக்கா, சரிக்கா" என்றாய். நான் பட்டென்று வைத்துவிட்டேன். எழுத்தில் இருந்தால் நீயும் நழுவ முடியாது, நானும் பாதியில் வைக்க முடியாது. அதனால் கடிதம்.

உன் அறிக்கை எங்கள் கண்காணிப்பாளர் மேசைக்கு வந்துவிட்டது. 'நிபுணர் மருத்துவர் வரத்து: அடுத்த பத்தாண்டுக் கணிப்பு.' நீல அட்டை, வழவழ தாள், முன்பக்கத்தில் தயாரித்தவர்கள் பட்டியலில் உன் பெயர் மூன்றாவது. மயக்க மருந்து மருத்துவர்கள் பக்கத்தைப் புரட்டினால் கொட்டை எழுத்தில் 'உபரி 212'. அதாவது தேவைக்கு மேல் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கப்போகிறார்களாம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது சின்ன மருத்துவமனைகளில் எங்கள் துறைப் பயிற்சியை மூடச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்கள். ஒன்பதில் நாங்களும் ஒன்று. ஜூலை முதல் தேதியோடு இங்கே படிப்பு இல்லை, படிக்கிறவர்களும் இல்லை.

"உபரியா இருக்காங்களாம், உங்களுக்கு இனிமே ஓய்வுதான் டாக்டர்" என்று கண்காணிப்பாளர் சிரித்தார். அந்த நீல அட்டையாலேயே அவர் வாயில் ஒன்று போடலாமா என்று இருந்தது.

என் துறை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். இரண்டு ஆபரேஷன் தியேட்டர், நடுவில் ஒரு கதவு. இந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மயக்கம் கொடுக்க நான் ஒருத்தி. எனக்குத் துணையாகப் படிக்க வந்தவள் ஒரே ஒரு பெண், இரண்டாம் ஆண்டு. எல்லோரும் அவளைச் சின்ன டாக்டர் என்பார்கள். அவளுடைய அம்மா எங்கள் மருத்துவமனைக்கு எதிரில்தான் தையல் கடை வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தொடை எலும்பு உடைந்த லாரி டிரைவர் எனக்கு முன்னால் மயக்கத்தில் கிடக்கிறார். பக்கத்து அறைக்கு ஒரு கர்ப்பிணியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போகிறது. சின்ன டாக்டரை அனுப்பினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இங்கிருந்தே நான் சொல்லச் சொல்ல, முதுகு ஊசியை ஒரே குத்தில் போட்டாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

அதற்கு அடுத்த வாரம் சின்ன டாக்டர் வகுப்புக்காகத் தலைநகருக்குப் போயிருந்தாள். அதே மாதிரி இன்னொரு பெண். என் கை வேறொரு நோயாளியின் தலைமாட்டில். அவளை ஆம்புலன்ஸில் தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி அனுப்பினோம். குழந்தை வழியிலேயே போய்விட்டது.

ஜூலையில் சின்ன டாக்டரையும் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறீர்கள். உன் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எனக்கு ஒரே ஒருவரை அனுப்பு, மிச்சத்தை நீயே வைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 11

அக்காவுக்கு,

எழுத்திலும் கத்த முடியும் என்று காட்டிவிட்டாய்.

அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் ஏதோ ஏசி அறையில் உட்கார்ந்து மனம் போன போக்கில் ஓர் எண்ணை எழுதிவிட்டேன் என்பதுபோல் பேசுகிறாயே, அது நியாயமில்லை.

கணிப்பு என்றால் ஜோசியம் இல்லை. ஒவ்வொரு பயிற்சி மருத்துவமனையும் வருடாவருடம் எங்களுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் படிப்பில் இருக்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள். அதை வைத்து அடுத்தடுத்த வருடங்களில் எத்தனை நிபுணர்கள் வெளியே வருவார்கள் என்று போடுகிறோம். ஓய்வு பெறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் எல்லோரையும் அதில் கழிக்கிறோம். உள்ளே வருவதும் வெளியே போவதும், அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேர் இதற்காகப் பதினான்கு மாதம் உழைத்தோம். எந்த மருத்துவமனையை மூடுவது என்று முடிவு செய்தது மேலே இருக்கிற குழு, நான் இல்லை.

இன்னொன்று. உன் கடிதத்தில் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். துணைக்கு "ஒரே ஒரு பெண்" என்று எழுதியிருக்கிறாய். உங்கள் படிவம் இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு இடம், மூன்று வருடப் படிப்பு, படிப்பில் இருப்பவர்கள் ஆறு, பாதியில் விட்டவர்கள் பூஜ்யம். கீழே உன் கையெழுத்து.

மீதி ஐந்து பேர் எங்கே அக்கா?

தம்பி

*

மார்ச் 16

தம்பிக்கு,

நான் வயிறு எரிந்து எழுதினால் நீ அதில் தப்புக் கண்டுபிடிக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இதே வேலைதான். பரிமாறும்போதுகூடத் தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து "அக்காவுக்கு மட்டும் கூட" என்பாய்.

என்னை விசாரணை பண்ண உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? போன வருடம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது எத்தனை நாள் இருந்தாய்? இரண்டு நாள். மூன்றாம் நாள் ஏதோ கூட்டம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அவருக்குக் கட்டு மாற்றியது யார், கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது யார்? அதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்?

படிவத்தைப் பற்றி எனக்கு இப்போது நேரமில்லை. நாளைக்கு ஏழு கேஸ் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 22

அக்காவுக்கு,

அப்பாவை இழுத்தால் நான் வாயை மூடிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். இந்த முறை மூடப்போவதில்லை.

ஆவண அறைக்குப் போய் உன் மருத்துவமனையின் பழைய படிவங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்புவரை ஒருவர் விட்டார், ஒருவர் மாறினார் என்று எல்லா மருத்துவமனையையும்போல இருக்கிறது. அதற்குப் பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மூன்று வருடமாக ஒருவர்கூட விடவில்லை. நாட்டிலேயே இப்படி ஒரு துறை கிடையாது. இதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அக்கா பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

இப்போது மீதியையும் கேள். மொத்தம் முப்பத்தொரு பயிற்சி மருத்துவமனைகள். அதில் பதினான்கு, எல்லாம் உங்களைப்போல் சின்ன ஊர் மருத்துவமனைகள், இடம் மட்டும் வருடத்துக்கு நான்கு, ஒழுங்காகப் படிவமே அனுப்புவதில்லை. விவரம் இல்லாத இடத்துக்கு, அதே மாதிரியான வேறொரு மருத்துவமனையின் கணக்கை எடுத்துப் போடுவது வழக்கம். எதை எடுப்பது என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான்தான் உன் மருத்துவமனையைச் சொன்னேன். "முழு விவரமும் இருக்கு, ஒரு நாள்கூடத் தாமதமா வந்ததில்ல. அனுப்புறவங்கள எனக்குத் தெரியும்" என்றேன். அக்கா என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் பூஜ்யத்தைப் பதினான்கு மருத்துவமனைகளுக்கும் போட்டேன். சேருகிற அத்தனை பேரும் படிப்பை முடித்து நிபுணராகிவிடுவார்கள் என்று ஆகிவிட்டது. அந்த 212 அங்கிருந்துதான் வந்தது. என்னைத் திட்டு, திட்டுகிற உரிமை உனக்கு உண்டு. ஆனால் அந்த எண்ணைப் பாதி நீ எழுதினாய் என்று தெரிந்துகொண்டு திட்டு.

ஆறா, ஒன்றா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஒன்று.

உன் கடிதத்தை மருந்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்து நாள் வேலை பார்த்தேன். பதினான்கு மருத்துவமனை என்ற இடத்துக்குப் பிறகு முதல் முறை என்னால் படிக்கவே முடியவில்லை.

ஐந்து பேர் எங்கே என்று கேட்டாய். முதலாவது ஆள் சேர்ந்த நான்காவது வாரமே போய்விட்டார், கண் மருத்துவத்தில் இடம் கிடைத்ததாம். இரண்டாமவளின் கணவருக்கு வேறு நாட்டில் வேலை. மூன்றாமவர் ஒரு நோயாளி மேசையிலேயே இறந்ததைப் பார்த்தார். தப்பு அவருடையது இல்லை, யாருடையதும் இல்லை. மறுநாள் வந்தார், கையுறை போட முடியவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நான்காமவள் இங்கே தங்க ஒழுங்கான அறை இல்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் பதில் வரவில்லை. கடைசியாக வந்தவர் மட்டும் "ரெண்டு மாசத்துல வந்துடுவேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கோட்டை எட்டு மாதம் ஆணியிலேயே விட்டு வைத்திருந்தேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். ஓர் இடம் ஒரு வருடம் காலியாக இருந்தால் அந்த இடத்தையே பறித்துவிடுவோம் என்று விதி போட்டிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகம் போட்ட விதிதான், நீயே எடுத்துப் படித்துப் பார். உண்மையை எழுதியிருந்தால் சின்ன டாக்டர் சேர இங்கே இடமே இருந்திருக்காது. போனவர்களை ஊதியமில்லா விடுப்பில் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்தேன். அவர்கள் பெயரில் யாரும் ஒரு காசு வாங்கவில்லை. முதல் வருடம் ஒன்றுதான். அந்த இடத்துக்கு நாளைக்கே வேறு ஆள் வந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த வருடம் இரண்டு. அப்புறம் பூஜ்யம் போடக் கை பழகிவிட்டது.

ஒருவர் போனதும் உங்களில் யாராவது ஓடி வந்து "ஏன் போறாங்க?" என்று கேட்டிருந்தால் நான் பொய் எழுதியிருக்க வேண்டியதில்லை. கேட்க ஆளில்லை. காலியாக இருந்தால் பறிக்க மட்டும் ஆள் இருக்கிறது. இதற்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய்?

நான் செய்தது தப்பு. அதை உன்னிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிட ஆத்திரமாக இருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நீ சொன்ன விதியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அந்த விதியை நான் எழுதவில்லை என்று சொல்லலாம். ஆனால் அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்பாவின் ஆபரேஷனன்று தியேட்டருக்கு வெளியே நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஓடினாய். பின்னாலேயே அந்தப் பெண் ஓடினாள். வேறு யாரும் வரவில்லை, போகவில்லை. ஆறு பேர் இருக்கிற துறை இப்படியா இருக்கும் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தலைநகருக்குத் திரும்பி வந்து, உன் படிவத்தைப் பார்த்து ஆறு என்று கணினியில் ஏற்றினேன். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பினேன். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, என்மேல் அதற்குக் குறையாமல் இருக்கிறது.

பதினான்கு மருத்துவமனைகளுக்கும் நானே போன் பண்ணினேன். பாதியில் போனவர்கள் பாதிக்கும் மேல். அதைப் போட்டுப் பார்த்தால் உபரி 212 போய், 97 பற்றாக்குறை என்று வருகிறது. ஆனால் போனில் கேட்டதை வைத்து அச்சான அறிக்கையைத் திருத்த மாட்டார்கள். முதலில் எந்தப் படிவத்தை வைத்துக் கணக்குப் போட்டோமோ அந்தப் படிவம் தப்பு என்று, அதை அனுப்பியவரே எழுதிக் கொடுக்க வேண்டும். குழு ஏப்ரல் 25 கூடுகிறது.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். நீ எழுதிக் கொடுத்தால் மற்ற எட்டு மருத்துவமனைகளிலும் பயிற்சி தொடரும். உன்னுடையது தொடராது. பொய் விவரம் கொடுத்த இடத்துக்கு அங்கீகாரம் இல்லை, அதுவும் விதிதான். உன்மேல் விசாரணை வரும். எழுதிக் கொடுக்காவிட்டால் ஒன்பதும் போகும். உன்னுடையது எப்படியும் போகிறது, அக்கா. இரண்டு நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டேன், வேறு வழி தெரியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 17

தம்பிக்கு,

திருத்திய படிவம் இதோடு இருக்கிறது. படிப்பில் இருப்பவர்கள் ஒன்று. பாதியில் விட்டவர்கள் ஐந்து. யார் எந்த மாதம் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருந்தாலும் இணைத்து அனுப்பு, யாராவது படிக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் சின்ன டாக்டரிடம் காட்டினேன். அவளுடைய படிப்பும் இதில்தானே இருக்கிறது. வாசித்துவிட்டு, "அப்போ நான் எங்க மேடம் போவேன்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். படிவத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அந்த எட்டு ஊர்லயும் என்னை மாதிரி யாராவது இருப்பாங்கல்ல" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பதால் உங்களை எல்லாம் மன்னித்துவிட்டதாக நினைக்காதே.

அக்கா

*

மே 30

அக்காவுக்கு,

குழுவில் என்ன நடந்தது என்று விவரமாக எழுதாததற்குக் காரணம், முதல் ஒரு மணி நேரம் என்னைக் காய்ச்சி எடுத்ததுதான். "உங்க அக்கான்னு ஏன் முதல்லயே சொல்லல?" என்று ஒருவர் கேட்டார். சொல்லியிருந்தால் சரிபார்த்திருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அது திமிராகப் போய்விட்டது. என்னைக் கணிப்புப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜூலை கடைசிவரை திருத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, நூலகப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆனால் எட்டு மருத்துவமனைகளுக்கான மூடல் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். காலி இடத்தைப் பறிக்கிற விதியை மறுபரிசீலனை செய்வார்களாம். அந்தத் தனித் தாளைத் தலைவர் சத்தமாக வாசித்தார். கையுறை போட முடியாமல் போனவரைப் பற்றி வாசிக்கும்போது இடையில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

உன் தண்டனை இந்நேரம் உனக்கே வந்திருக்கும். ஐந்து வருடத்துக்குப் பயிற்றுநராக இருக்கக் கூடாது, மருத்துவராக வேலை பார்க்கலாம். சின்ன டாக்டருக்குத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில் இடம். மிச்சம் இருக்கிற ஒன்றரை வருடத்தை அங்கே முடிப்பாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. திருத்திய கணிப்பில் ஊர்வாரியாகப் போடச் சொல்கிறார்கள். உங்கள் ஊருக்கு இரண்டு வருடத்தில் புதிதாக எத்தனை நிபுணர் என்று ஓர் எண் வேண்டும். தலைநகரில் படித்து முடித்தவர்களில் சின்ன ஊருக்குத் திரும்புகிறவர்கள் நூற்றுக்கு எட்டு. அந்தக் கணக்குப்படி பூஜ்யம்தான் போட வேண்டும். ஆனால் அவள் அந்த ஊர்ப் பெண், உனக்கு அவளைத் தெரியும். வருவாள் என்று நீ எழுதினால், ஒன்று என்று போட எனக்கு இடம் இருக்கிறது. ஒன்று என்று போட்டால் பார்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். என்ன போடட்டும்?

தம்பி

*

ஜூலை 2

தம்பிக்கு,

நேற்று முன்தினம் அவள் கிளம்பினாள். கடைசி நாளும் இரண்டு கேஸ் பார்த்தாள். மத்தியானம் மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, "முடிச்சுட்டு இங்கதான் மேடம் வருவேன்" என்றாள். "சரிம்மா, பார்த்துப் போ" என்றேன். அவள் அம்மா தையல் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏற்றிவிடப் போனார். நான் போகவில்லை, மேசையில் ஆள் இருந்தது.

இரண்டாவது தியேட்டரைப் பூட்டிவிட்டோம். இன்று காலை அறுவை சிகிச்சை நிபுணரும் மகப்பேறு மருத்துவரும் என்னை யார் முதலில் அழைத்துப் போவது என்று வராந்தாவிலேயே சண்டை போட்டார்கள். ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் அனுப்பினோம். பிழைத்துவிட்டதாக இப்போதுதான் தகவல் வந்தது. அடுத்தவள் பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. இந்தக் கோபம் எனக்கு இந்த ஜென்மத்தில் தீராது. அதில் உன் பங்கு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் கை இந்த மருத்துவமனையில் பழகிய கை, அம்மாவும் இங்கேதான் இருக்கிறார். வருவாள் என்று நான் நம்புகிறேன். தினமும் காலையில் தியேட்டருக்குள் நுழையும்போது அந்த நம்பிக்கையில்தான் நுழைகிறேன். ஆனால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவரையும் நான் நம்பித்தான் எழுதினேன். நான் நம்பியதை எல்லாம் கட்டத்துக்குள் எழுதியதால்தான் பதினான்கு ஊர்களில் இல்லாத மருத்துவர்கள் இருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு ஆறுதல் எதற்கு? வயிறு எரியட்டும். எரிந்தால்தான் யாராவது ஒருவரை அனுப்புவார்கள்.

எங்கள் ஊருக்குப் பூஜ்யம் என்று போடு. அவள் வந்து சேருகிற அன்றைக்கு நானே உனக்கு எழுதுகிறேன்.

அக்கா